நூறாண்டு ஆடிய ஹோம் சாம்பியன்ஷிப்: 1984-இல் அதைக் கைவிட்டது சரியா?

கிளைட்கரை:

இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து (பின்னாளில் வட அயர்லாந்து) ஆகிய நான்கு அணிகளும் ஆண்டுதோறும் மோதிய பிரிட்டிஷ் ஹோம் சாம்பியன்ஷிப்தான் நாடுகளுக்கிடையே நடந்த கால்பந்துத் தொடர்களுள் மிகப் பழையது. 1884 ஜனவரியில் பெல்ஃபாஸ்டில் ஸ்காட்லாந்து அயர்லாந்தை 5-0 என்று வென்றதோடு அது தொடங்கியது. 1984 மே 26 அன்று கிளாஸ்கோவின் ஹாம்ப்டன் பார்க்கில் ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் 1-1 என்று சமநிலையில் முடித்த ஆட்டத்தோடு நின்றது. இடையே இரண்டு உலகப் போர்களும் 1981-ஆம் ஆண்டும் தவிர வேறெதுவும் அதைத் தடுத்ததில்லை.

அதைக் கைவிட்டது தவறு என்பது என் உறுதியான கருத்து. கூட்டம் குறைந்துவிட்டது, ரசிகர்களின் வன்முறை மிகுந்துவிட்டது, ஆட்ட அட்டவணையில் இடமில்லை என்று அன்று காரணங்கள் சொல்லப்பட்டன. ஆனால் விலகும் முடிவை முதலில் எடுத்தது இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம். அடுத்து ஸ்காட்லாந்துச் சங்கம். வேல்ஸும் வட அயர்லாந்தும் தொடர விரும்பின. அவர்களின் விருப்பத்துக்கு அங்கே எடை இருக்கவில்லை. இங்கிலாந்து அணி தம் ஊருக்கு வரும் ஒரு மாலையின் நுழைவுச்சீட்டு வருமானமும் தொலைக்காட்சிப் பணமுமே அந்தச் சிறிய சங்கங்களின் ஆண்டுக் கணக்கைத் தாங்கிக்கொண்டிருந்தன. கடைசி ஆட்டம் முடிந்து சரியாகப் பதினைந்து நாளில், 1984 ஜூன் 10 அன்று, இங்கிலாந்து ரியோவின் மரக்கானாவில் பிரேசிலை 2-0 என்று வென்றது. ஜான் பார்ன்ஸ் எதிரணி வீரர்களை வரிசையாகக் கடந்து அடித்த கோலை இன்றும் திரும்பத் திரும்பக் காட்டுகிறார்கள். இங்கிலாந்துச் சங்கத்தின் மனம் அப்போது எந்தத் திசையை நோக்கியிருந்தது என்பதற்கு அந்தப் பயணமே சான்று.

நான் கிளாஸ்கோவில் பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்தவன். என் பக்கத்து வீட்டு முதியவர், 1967-இல் லண்டனின் வெம்ப்லி மைதானத்தில் ஸ்காட்லாந்து 3-2 என்று வென்ற ஆட்டத்தை, உலகக் கோப்பை வென்ற இங்கிலாந்தை அதன் பின் முதன்முதலில் வீழ்த்தியவர்கள் நாங்கள் என்று, ஜிம் பேக்ஸ்டர் பந்தைக் காலில் தட்டித் தட்டி நிறுத்தி விளையாடியதைக் கையால் காட்டிக் காட்டிச் சொல்வார். அந்த ஒரு மாலையை நினைவில் வைத்து வாழ்ந்தவர்கள் அந்த நகரத்தில் எத்தனையோ பேர். அப்படி ஒரு மாலை இனி அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கு எப்போது வாய்க்கும் என்பதை அட்டவணைக் குலுக்கல்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

செம்மண்தடம்:

கிளைட்கரை ஐயா, உங்கள் பதிவின் உருக்கத்தை மதிக்கிறேன். முடிவை ஏற்க இயலவில்லை. ஒரு தொடர் பழையது என்பது அது தொடர வேண்டும் என்பதற்குக் காரணமாகாது. அந்தத் தொடர் பிரிட்டனின் கால்பந்துக்குச் செய்த நன்மையை விட, குறிப்பாக 1920-க்குப் பிறகு, தீமையே மிகுதி என்பது என் வாதம்.

நான்கு சங்கங்களும் 1920-இல் ஃபிஃபாவை விட்டு வெளியேறின; திரும்பி வந்து, தொழில்முறையற்ற வீரர்களுக்கு வேலை இழப்புக்கான பணம் தரலாமா என்ற சச்சரவில் 1928-இல் மறுபடியும் வெளியேறின; 1946-இல்தான் நிலையாகத் திரும்பின. அதனால் 1930, 1934, 1938 ஆகிய மூன்று உலகக் கோப்பைகளிலும் அவை ஆடவில்லை. அந்த ஆண்டுகளிலெல்லாம் தங்களுக்குள்ளேயே ஆடி, தங்களுக்குள்ளேயே பட்டம் வழங்கி, உலகின் முதல்தரக் கால்பந்து இதுதான் என்று அவை நம்பிக்கொண்டிருந்தன. 1953 நவம்பரில் ஹங்கேரி வெம்ப்லிக்கு வந்து 6-3 என்று இங்கிலாந்தை வென்றபோது உடைந்தது அந்த நம்பிக்கைதான். முன்கள நடு ஆட்டக்காரரான ஹிடெக்குட்டி பின்வாங்கி நின்று ஆடியதற்கு இங்கிலாந்தின் தற்காப்பு வீரர்களிடம் பதில் இல்லாமல் போனதற்கு, ஆண்டுதோறும் அதே மூன்று எதிரணிகளோடு அதே முறையில் ஆடிப் பழகியதும் ஒரு காரணம்.

இன்னொன்று. 1950 உலகக் கோப்பைக்கு ஹோம் சாம்பியன்ஷிப்பையே தகுதிச் சுற்றாக ஏற்று, முதல் இரண்டு இடங்களுக்கு பிரேசில் செல்லும் வாய்ப்பை ஃபிஃபா தந்தது. பட்டம் வென்றால் மட்டுமே போவோம் என்று ஸ்காட்லாந்துச் சங்கம் முன்கூட்டியே அறிவித்தது. ஹாம்ப்டனில் ராய் பென்ட்லியின் ஒரே கோலால் இங்கிலாந்து 1-0 என்று வென்றது. இரண்டாமிடம் பெற்ற ஸ்காட்லாந்து, சொன்ன சொல்லைக் காப்பதாக எண்ணி, உலகக் கோப்பையையே துறந்தது. உள்ளூர்ப் பட்டத்தை உலகத்தை விடப் பெரிதாக எண்ண வைத்த ஒரு தொடரை நாம் எதற்காகக் கொண்டாட வேண்டும்?

1970களில் கூட்டமும் கலைந்துவிட்டது. 1977 ஜூனில் ஸ்காட்லாந்து ரசிகர்கள் வெம்ப்லி மைதானத்தில் இறங்கிக் கோல் கம்பங்களை உடைத்தார்கள், புல்லைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். 1981-இல் அதே ரசிகர் வன்முறையால் தொடரையே ரத்து செய்ய வேண்டியதாயிற்று. 1984-இல் நடந்தது கொலையல்ல. ஏற்கெனவே நின்றுபோன மூச்சுக்கு நேரம் குறித்தார்கள், அவ்வளவுதான்.

ஏட்டுச்சுவடி:

வாதத்துக்குள் நுழையும் முன் ஒரு திருத்தம். 1981-இல் தொடர் முழுமை பெறாமல் போனதற்கு ரசிகர்களின் வன்முறை காரணமல்ல. வட அயர்லாந்தின் மேஸ் சிறையில் உண்ணாநோன்பு இருந்த, ஐ.ஆர்.ஏ. எனும் ஐரியக் குடியரசுப் படையைச் சேர்ந்த பாபி சான்ட்ஸ் அவ்வாண்டு மே 5 அன்று இறந்தார். வட அயர்லாந்து கொதித்துக்கொண்டிருந்த அந்த நாட்களில் பெல்ஃபாஸ்டுக்கு வர இங்கிலாந்தும் வேல்ஸும் மறுத்துவிட்டன. அதனால் ஆட்டங்கள் முடியவில்லை. பட்டம் யாருக்கும் வழங்கப்படவில்லை. போர் இல்லாத காலத்தில் பட்டம் இல்லாமல் போன ஒரே ஆண்டு அதுதான். 1970களின் தொடக்கத்திலும் இதே கலவரச் சூழலால் வட அயர்லாந்தின் ‘சொந்த மண்’ ஆட்டங்கள் சில ஹாம்ப்டனிலும் லிவர்பூலின் குடிசன் பார்க்கிலும் நடந்தன. இதைக் கால்பந்து ரசிகர்களின் கணக்கில் எழுதுவது முறையன்று.

இனி வரலாறு பற்றி. இத்தொடர் கால்பந்துக்குத் தந்த முதன்மையான கொடை எந்தப் பட்டமும் அல்ல, விதிகளே என்று கருதுகிறேன். 1882-க்கு முன் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் வெவ்வேறு விதிகளைக் கொண்டிருந்தன. பந்தை வெளிக்கோட்டிலிருந்து உள்ளே எறிவதில்கூட ஒற்றுமை இல்லை. யாருடைய ஊரில் ஆட்டம் நடக்கிறதோ அவர்களுடைய விதியே செல்லும். 1882 டிசம்பரில் நான்கு சங்கங்களும் மான்செஸ்டரில் கூடி ஒரே விதித்தொகுப்புக்கு உடன்பட்ட பிறகுதான் நால்வரும் ஒரே புள்ளிப்பட்டியலில் நிற்க முடிந்தது. அந்தக் கூட்டத்தின் தொடர்ச்சியாக 1886-இல் பிறந்த பன்னாட்டுக் கால்பந்துச் சங்க வாரியமே இன்றும் விதிகளை மாற்றும் அதிகாரம் உடையது. அதில் இந்த நான்கு சங்கங்களுக்கும் தலா ஒரு வாக்கும் ஃபிஃபாவுக்கு நான்கு வாக்குகளும் உண்டு. விதி மாற ஆறு வாக்குகள் வேண்டும். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ ஒரு நடுவர் ஊதும் விசிலுக்குப் பின்னாலும் அந்த மான்செஸ்டர் கூட்டம் இருக்கிறது.

மற்றபடி, நன்மை தீமைகளை நீங்கள் இருவரும் பேசுங்கள். நான் ஏட்டைப் பார்த்துச் சொல்பவன்.

செம்மண்தடம்:

1981 பற்றிய திருத்தத்துக்கு நன்றி. என் பிழையை முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் சொன்ன உண்மை காரணமே என் வாதத்துக்கு வேறொரு வழியில் வலு சேர்க்கிறது. நான்கே அணிகள் உள்ள தொடரில் ஓர் ஊருக்குப் போக இருவர் மறுத்தால் தொடரே கவிழ்ந்துவிடுகிறது. முப்பது நாடுகள் ஆடும் தகுதிச் சுற்றில் அப்படி நேராது.

கிளைட்கரை:

செம்மண்தடம் அவர்களே, 1950 குறித்து நீங்கள் சொன்ன செய்தி உண்மை. ஆனால் அது ஒரு சங்கத்தின் பிடிவாதம், தொடரின் குற்றமன்று. நான்கே ஆண்டுகள் கழித்து, 1954-இல், அதே தொடர் மறுபடியும் தகுதிச் சுற்றாக அமைந்தபோது ஸ்காட்லாந்து இரண்டாமிடம் பெற்று, தயங்காமல் சுவிட்சர்லாந்துக்குப் போனது. அங்கே உருகுவேயிடம் 7-0 என்று தோற்றார்கள், தோற்றாலும் போனார்கள். 1966-67, 1967-68 ஆகிய இரண்டு பருவங்களையும் சேர்த்து ஐரோப்பியச் சாம்பியன்ஷிப்பின் தகுதிச் சுற்றாகவும் இத்தொடர் பயன்பட்டது. உலகத்தோடு ஒட்டிப்போக முடியாத தொடர் என்று இதைச் சொல்ல முடியாது; ஒட்டிப்போகும் வழி மூன்று முறை கண்டறியப்பட்டு, மூன்று முறையும் வேலை செய்தது.

1953 பற்றிய உங்கள் வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் 1958-ஐயும் பாருங்கள். அந்த ஆண்டு நான்கு அணிகளும் சுவீடன் உலகக் கோப்பையில் ஆடின. நால்வரும் ஒருசேர ஆடிய ஒரே உலகக் கோப்பை அது. காலிறுதிக்குப் போனவர்கள் இங்கிலாந்தோ ஸ்காட்லாந்தோ அல்லர். வேல்ஸும் வட அயர்லாந்தும். அதற்கு முந்தைய நவம்பரில்தான் வட அயர்லாந்து வெம்ப்லியில் இங்கிலாந்தை 3-2 என்று வென்றிருந்தது. ஆண்டுதோறும் பெரிய அணிகளோடு மோதிப் பழகிய சிறிய அணிகளுக்கு அந்த உரம் எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்?

இப்போது என் முதன்மையான வாதத்துக்கு வருகிறேன். இதே நான்கு நாடுகள், ஏறத்தாழ இதே நேரத்தில், 1882-83 பருவத்தில், ரக்பியிலும் இதே போன்ற ஒரு தொடரைத் தொடங்கின. 1910-இல் அதில் பிரான்சு சேர்ந்தது. 2000-இல் இத்தாலி சேர்ந்தது. இன்று அதுவே ஆறு நாடுகள் தொடராக ஒவ்வோர் ஆண்டும் மைதானங்களை நிரப்பிக்கொண்டிருக்கிறது. ஒரே தாய் வயிற்றில் பிறந்தாற்போன்ற இரண்டு தொடர்களில் ஒன்று தழைத்தது, மற்றொன்று பட்டுப்போனது. ரக்பிக்காரர்கள் கதவைத் திறந்தார்கள். கால்பந்துச் சங்கங்கள் நூறு ஆண்டுகளில் ஒருமுறைகூட ஐந்தாவது அணிக்கு இடம் தரவில்லை. பிரான்சையோ, நெதர்லாந்தையோ, டப்ளினில் தலைமையகம் கொண்ட அயர்லாந்துக் குடியரசையோ அழைத்திருந்தால், நீங்கள் சொல்லும் ‘அதே மூன்று எதிரணிகள்’ என்ற குறையும் நீங்கியிருக்கும், தொடரும் பிழைத்திருக்கும். நோய்க்கு மருந்து இருந்தது, கொடுக்கவில்லை. அதனால்தான் இதை இயற்கையான சாவு என்று ஏற்க மறுக்கிறேன்.

செம்மண்தடம்:

ரக்பி ஒப்புமை கவர்ச்சியானது. ஆனால் அடித்தளத்தில் பிழை இருக்கிறது. ரக்பியில் உலகக் கோப்பையே 1987-இல்தான் தொடங்கியது. அதுவரை ஐரோப்பாவின் ரக்பி நாடுகளுக்கு இந்தத் தொடரை விட்டால் வேறு பெரிய மேடை கிடையாது. ஆகவே அதன் மேல் அத்தனை பேருடைய கவனமும் குவிந்தது. கால்பந்தில் 1930 முதல் உலகக் கோப்பை இருக்கிறது, 1960 முதல் ஐரோப்பியக் கோப்பை இருக்கிறது, 1950களின் நடுவிலிருந்து கழகங்களுக்கான ஐரோப்பியப் போட்டிகளும் இருக்கின்றன. ஐந்தாவது அணியாக பிரான்சைச் சேர்த்திருந்தாலும், ஏற்கெனவே நிரம்பிய பானையில் இன்னொரு குடம் ஊற்றியதாகத்தான் இருந்திருக்கும்.

இதில் வீரர்களின் நிலையையும் எண்ண வேண்டும். முன்பெல்லாம் இலையுதிர் காலத்திலிருந்து ஏப்ரல் வரை பரவி நடந்த ஆட்டங்களை 1968-69 முதல் பருவ முடிவில், மே மாதத்தில், ஒரு வாரத்துக்குள் அடுக்கினார்கள். நாற்பத்திரண்டு லீக் ஆட்டங்களும் கோப்பை ஆட்டங்களும் ஆடிக் களைத்த கால்களோடு ஏழெட்டு நாளில் மூன்று பன்னாட்டு ஆட்டங்கள். அதன் பின் ஆட்டத்தின் தரம் எப்படி இருக்கும்? ஸ்காட்லாந்து-இங்கிலாந்து ஆட்டத்துக்கு மட்டும் கூட்டம் வந்தது. வேல்ஸோ வட அயர்லாந்தோ வெம்ப்லிக்கு வந்தால் பெரும்பகுதி இருக்கைகள் காலியாகக் கிடந்தன. 1937-இல் ஹாம்ப்டனில் ஒரே ஆட்டத்துக்கு ஒன்றரை லட்சத்துக்குச் சற்றே குறைவானவர்கள் கூடினார்கள் என்ற பெருமை 1980களின் காலி இருக்கைகளை நிரப்பாது.

அல்லிக்குளம்:

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். அயர்லாந்தின் பக்கத்திலிருந்து யாரும் பேசாததால் எழுதுகிறேன்.

1914 வரை அயர்லாந்து தனியாகப் பட்டம் வென்றதே இல்லை. 1899-இல் சண்டர்லாந்தில் இங்கிலாந்திடம் 13-2 என்று தோற்ற அணி அது. 1914-இல் மிடில்ஸ்பரோவில் அதே இங்கிலாந்தை 3-0 என்று வென்று, வேல்ஸை வென்று, ஸ்காட்லாந்தோடு சமன் செய்து முதன்முறையாகத் தனிப்பட்டம் பெற்றது. சில மாதங்களில் முதல் உலகப் போர் வந்தது. போர் முடிந்த சில ஆண்டுகளில் நாடே இரண்டானது. 1921-இல் டப்ளினில் தனிச் சங்கம் தோன்றிய பின்னரும் பெல்ஃபாஸ்டுச் சங்கம் 1950 வரை தீவு முழுவதிலுமிருந்து வீரர்களை எடுத்துக்கொண்டிருந்தது. 1946 செப்டம்பரில் ஜானி கேரி, இரண்டே நாள் இடைவெளியில், பெல்ஃபாஸ்டில் ஓர் அயர்லாந்துக்காகவும் டப்ளினில் இன்னோர் அயர்லாந்துக்காகவும் இங்கிலாந்துக்கு எதிராக ஆடினார். அயர்லாந்துக் குடியரசை ஐந்தாவது அணியாகச் சேர்த்திருக்கலாமே என்று கிளைட்கரை ஐயா எளிதாகச் சொல்லிவிட்டார். இரண்டு சங்கங்களும் ‘அயர்லாந்து’ என்ற ஒரே பெயருக்கு உரிமை கொண்டாடிய காலத்தில் அது நடந்திருக்க வழியே இல்லை. 1969-க்குப் பிந்தைய கலவர ஆண்டுகளில் இன்னும் கடினம்.

ஆனால் தொடர் வட அயர்லாந்துக்கு என்ன தந்தது என்பதில் அவர் பக்கமே நிற்கிறேன். 1980, பெல்ஃபாஸ்டுச் சங்கத்தின் நூறாவது ஆண்டு. அவ்வாண்டு அணி ஸ்காட்லாந்தை வென்று, வெம்ப்லியில் சமன் செய்து, கார்டிஃபில் வேல்ஸை 1-0 என்று வென்று, 66 ஆண்டுகளுக்குப் பின் தனிப்பட்டம் பெற்றது. இரண்டே ஆண்டில், 1982 உலகக் கோப்பையில், வலென்சியா நகரில், போட்டியை நடத்திய ஸ்பெயினையே ஜெரி ஆம்ஸ்ட்ராங்கின் கோலால் 1-0 என்று வென்றது. ஒவ்வொரு நாளும் குண்டுச் செய்தி கேட்டு எழுந்த ஊரில், கத்தோலிக்கர், புராட்டஸ்டன்டினர் என்ற இரு தரப்பு வீரர்களும் ஒரே சட்டை அணிந்து ஆடிய அணி அது. அந்த அணி இங்கிலாந்தோடும் ஸ்காட்லாந்தோடும் ஆண்டுதோறும் சரிசமமாக நின்ற மேடையை, இருக்கை காலியாக இருந்தது என்பதற்காக அகற்றியதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஏட்டுச்சுவடி:

அல்லிக்குளம் அவர்கள் வட அயர்லாந்தைப் பேசியதால், கடைசிப் பருவத்தின் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். இதைப் போல் ஒரு கணக்கை நான் வேறெங்கும் கண்டதில்லை.

அன்று வெற்றிக்கு இரண்டு புள்ளிகள். வட அயர்லாந்து ஸ்காட்லாந்தை 2-0 என்று வென்றது, இங்கிலாந்திடம் 0-1 என்று தோற்றது, வேல்ஸோடு 1-1. வேல்ஸ் இங்கிலாந்தை 1-0 என்று வென்றது, ஸ்காட்லாந்திடம் 1-2 என்று தோற்றது. ஹாம்ப்டனில் கடைசி ஆட்டம் தொடங்கும்போது, வெல்பவருக்குப் பட்டம் என்ற நிலையில் ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் இருந்தன. மார்க் மெகீ ஒரு கோல், டோனி வுட்காக் ஒரு கோல். முடிவில் நான்கு அணிகளுக்கும் தலா மூன்று புள்ளிகள். கோல் வித்தியாசத்தில் வட அயர்லாந்து கூட்டல் ஒன்று, வேல்ஸும் இங்கிலாந்தும் சுழியம், ஸ்காட்லாந்து கழித்தல் ஒன்று.

இதற்கு முன் 1956-இலும் நால்வரும் மூன்று புள்ளிகளில் நின்றார்கள். அன்று கோல் வித்தியாசம் பார்க்கும் வழக்கம் இல்லாததால் பட்டத்தை நால்வருமே பகிர்ந்துகொண்டார்கள். நடந்து முடிந்த 88 தொடர்களில் 20 முறை பட்டம் இவ்வாறு பகிரப்பட்டது. கோல் வித்தியாசம் 1978-79 பருவத்தில்தான் வந்தது. தனித்தும் பகிர்ந்தும் இங்கிலாந்து 54 முறை, ஸ்காட்லாந்து 41 முறை, வேல்ஸ் 12 முறை, அயர்லாந்து 8 முறை பட்டம் பெற்றன. ஆனால் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் வெள்ளி விழாவையொட்டி 1935-இல் வழங்கப்பட்ட அந்தக் கோப்பை இன்று இருப்பது எட்டு முறை வென்றவர்களிடம். கடைசியாக வென்றவர்கள் என்ற முறையில் பெல்ஃபாஸ்டுச் சங்கத்துக்கே அது நிலையாகச் சேர்ந்துவிட்டது.

செம்மண்தடம்:

அந்தக் கணக்கு எனக்கும் வியப்பளிக்கிறது. இருந்தாலும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. தொடரை மீட்க விருப்பம் உண்மையிலேயே இருந்திருந்தால், 2011-இல் டப்ளினில் வேல்ஸ், ஸ்காட்லாந்து, வட அயர்லாந்து, அயர்லாந்துக் குடியரசு ஆகிய நான்கும் ஆடிய நேஷன்ஸ் கோப்பைக்கு ஏன் கூட்டம் வரவில்லை? ஒரே முறை நடந்து அது முடிந்துவிட்டது. சிறிய அணிகளுக்கு இந்த மேடை அவ்வளவு தேவையென்றால், அவர்களே அமைத்த மேடைக்கு அவர்களுடைய ரசிகர்களே வராமல் போனது எதனால்?

கிளைட்கரை:

ஏனென்றால் அதில் இங்கிலாந்து இல்லை. எல்லா ஆட்டங்களும் ஒரே நகரத்தில் நடந்தன. கார்டிஃபிலோ கிளாஸ்கோவிலோ பெல்ஃபாஸ்டிலோ ஒரு மாலைகூட இல்லை. ஊர் ஊராக வருவதுதான் பழைய தொடரின் உயிர். அயர்லாந்துக் குடியரசைச் சேர்ப்பதில் உள்ள சிக்கலை அல்லிக்குளம் அவர்கள் சுட்டிக்காட்டியது சரி; அந்த இடத்தில் நான் அவசரப்பட்டுவிட்டேன். வீரர்களின் களைப்பு பற்றி நீங்கள் சொன்னதும் சரி. அதற்கான தீர்வு, மே மாத வாரத்தைக் கைவிட்டுப் பழையபடி பருவம் முழுவதும் ஆட்டங்களைப் பரப்புவது. கடைசிப் பருவங்களில் அட்டவணையை மீண்டும் அப்படிப் பரப்பத் தொடங்கியிருந்தார்கள். அந்த மாற்றத்துக்குப் போதிய அவகாசம் தராமல் கதவை அடைத்துவிட்டார்கள்.

நிறுத்தியதன் விளைவையும் எண்ணிப் பாருங்கள். ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் மட்டும் 1985-இல் ரௌஸ் கோப்பை என்ற பெயரில் தங்கள் ஆட்டத்தைத் தனியாக வைத்துக்கொண்டன. வருமானம் தரும் ஆட்டம் அது ஒன்றுதான் என்பதால். அதுவும் 1989-இல் முடிந்தது. 1984 மே மாதம் ரெக்ஸம் நகரில் வேல்ஸுக்காக முதன்முறை ஆடிய இளைஞர் மார்க் ஹியூஸ் அடித்த கோலால் இங்கிலாந்து தோற்றதே, அவ்விரு அணிகளின் கடைசி ஹோம் சாம்பியன்ஷிப் ஆட்டம். அதன் பின் அடுத்தடுத்த ஊரில் இருக்கும் அந்த இரண்டு அணிகளும் நேருக்கு நேர் மோதியது 2004 அக்டோபரில், மான்செஸ்டரின் ஓல்டு டிராஃபோர்டில், ஓர் உலகக் கோப்பைத் தகுதி ஆட்டத்தில். அன்று வேல்ஸ் அணியின் மேலாளராக நின்றவர் அதே மார்க் ஹியூஸ்.